கோஷ்டி இல்லாத அமைச்சர்: சி. சுப்பிரமணியம் நடந்த பாதை

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சரவை அமைத்தபோது, உணவு, வேளாண் துறையைக் கேட்டு வாங்க டெல்லியில் யாரும் முண்டியடிக்கவில்லை. அந்தத் துறைக்குப் போனவரின் அரசியல் அங்கேயே முடிந்துவிடும் என்று காங்கிரஸ்காரர்களே பேசிக்கொண்ட காலம் அது. அரிசி விலை ஏறினாலும் அமைச்சருக்குத்தான் வசவு, கொள்முதல் விலை குறைந்தாலும் அவருக்குத்தான். மழை பொய்த்தால்கூட நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் அவரே. சாஸ்திரி அந்தத் துறையை, அதுவரை உருக்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த சி. சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்த முடிவுகள் இந்திய விவசாயத்தையே திருப்பிப் போட்டன. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளின் முடிவில் அவர் தன் சொந்த மண்ணில் தேர்தலில் தோற்றார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சி.எஸ். என்று எல்லோரும் அழைத்த அந்த மனிதரின் அரசியல் புரியும். அவருக்கென்று ஒரு கோஷ்டி எப்போதும் இருந்ததில்லை. ராஜாஜி, காமராஜர், நேரு, சாஸ்திரி, இந்திரா காந்தி என்று மேலே இருந்த ஒருவரின் நம்பிக்கையை வைத்தே அவர் ஒவ்வொரு படியும் ஏறினார். அந்த நம்பிக்கை கிடைத்தபோது வேறு யாரும் தொடத் தயங்கிய வேலைகளைச் செய்து முடித்தார். நம்பிக்கை வைத்தவரையே எதிர்த்து நிற்க வேண்டிய நேரம் வந்தபோது அவருக்குப் பின்னால் நிற்க ஆளில்லை. என் பார்வையில் அவருடைய பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அவர் பிறந்தது 1910 ஜனவரி 30, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம். கொங்கு நாட்டு விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் படித்தார், பிறகு சட்டம். மாணவப் பருவத்து நண்பர்களில் ஒருவர் பெ. தூரன், பின்னாளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனவர். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்கு நெருங்கிய உறவு. கோவையில் வக்கீல் தொழில், சுதந்திரப் போராட்டம், சிறைவாசம், பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் என்று அந்தத் தலைமுறைக்கே உரிய வழியில் வந்தவர். இதில் கவனிக்க வேண்டியது அவருடைய அறிவியல் படிப்பு. அந்தக் காலத்துத் தலைவர்களில் பெரும்பாலோர் சட்டமோ இலக்கியமோ படித்தவர்கள். விஞ்ஞானி ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும்போது பொறுமையாகக் கேட்கும் பழக்கம் இவருக்கு முன்பே இருந்தது.

1952இல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். 42 வயது சி.எஸ். நிதி அமைச்சர். உணவுத் துறையும் அவரிடமே இருந்தது. போர்க்காலத்திலிருந்து நீடித்துவந்த அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி அந்த ஆண்டே எடுத்தார். பெரிய துணிச்சல் அது. அதிகாரிகள் பயந்தார்கள், விலை எங்கேயோ போய்விடும் என்று எச்சரித்தார்கள். மழை கைகொடுத்தது, பதுக்கல் குறைந்தது, முடிவு பலித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டெல்லியில் உணவுத் துறையில் உட்கார்ந்த சி.எஸ்.ஸுக்கு இந்த அனுபவம் சும்மா போகவில்லை என்றே நினைக்கிறேன். விலை என்பது விவசாயிக்கும் வியாபாரிக்கும் போகும் ஒரு செய்தி என்பதை அவர் கோட்டையிலேயே பார்த்துவிட்டார்.

அடுத்து வந்தது குலக்கல்வித் திட்டம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளும் கொதிப்பு. எதிர்த்தவர்கள் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சட்டமன்றத்தில் அந்தத் திட்டத்துக்காக வாதாட வேண்டிய இடத்தில் நின்றவர்களில் சி.எஸ். முக்கியமானவர், ஏனென்றால் ஆந்திரா பிரிந்தபின் கல்வித் துறையும் அவர் கைக்கு வந்திருந்தது.

எதிர்ப்பு தாங்காமல் 1954 மார்ச்சில் ராஜாஜி விலகினார். தனக்குப் பின் சி.எஸ். வர வேண்டும் என்பது அவர் விருப்பம். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தலைவர் தேர்தல் நடந்தது. காமராஜருக்கு 93 ஓட்டு, சி.எஸ்.ஸுக்கு 41. அவர் வாழ்க்கையில் முதலமைச்சர் நாற்காலிக்கு அவ்வளவு அருகில் வந்தது அந்த ஒருமுறைதான்.

அந்த 41 ஓட்டும் அவருடைய ஓட்டு அல்ல, ராஜாஜியின் ஓட்டு. காமராஜர் பதினைந்து ஆண்டுகளாக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிக் கட்சி கட்டியவர், எந்த ஊரில் யார் யாருக்கு ஆகாது என்பது வரை அறிந்தவர். சி.எஸ். கோப்பு படித்தவர், சபையில் நன்றாகப் பேசுபவர். இரண்டும் இரண்டு வகை அரசியல். தோற்றவரை ஒதுக்கிவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காமராஜர் செய்தது வேறு. எதிர்த்து நின்ற சி.எஸ்.ஸையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் அழைத்துத் தன் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சி.எஸ்.ஸுக்கு நிதியும் கல்வியும். அந்த மே மாதமே குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டமன்றத்தில் அறிவித்தவரும் அவர்தான்.

இதைக் கொள்கை மாற்றம் என்று சொல்லி ஒருவர் குறை பேசலாம். நேற்றுவரை காத்துநின்ற திட்டத்தை இன்று அவரே புதைக்கிறாரே என்று. ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் செய்ததையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். மூடிய பள்ளிகள் திறந்தன, ஆயிரக்கணக்கில் புதிய பள்ளிகள் வந்தன. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பெஞ்சு முதல் கரும்பலகை வரை ஊர்க்காரர்களையே கொடுக்க வைத்தார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அந்த யோசனையும் வேகமும் காமராஜருடையவை. அதற்குப் பணம் ஒதுக்கிய நிதி அமைச்சரும், அதைப் பள்ளிகளில் நடத்திக் காட்டிய கல்வி அமைச்சரும் ஒரே ஆள் என்பதால் ஒரு துறை கேட்க இன்னொரு துறை மறுக்கும் வழக்கமான இழுபறி இல்லாமல் போனது. 1956 இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் மசோதாவைச் சபையில் கொண்டுவந்ததும் சி.எஸ்.தான். இதைத் தமிழ்நாட்டில் பலரும் மறந்துவிட்டோம்.

1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அவரை உருக்கு, கனரகத் தொழில் அமைச்சர் ஆக்கினார். பொகாரோ ஆலைக்கு அமெரிக்கா உதவுமா உதவாதா என்ற இழுபறிதான் அந்தக் காலத்தின் பெரிய செய்தி. கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒத்துவராததால் இந்தியா 1963இல் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது, பிறகு சோவியத் உதவியோடு அந்த ஆலை வந்தது. உருக்கில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகளே. வாஷிங்டனோடு பேரம் பேசுவது எப்படிப்பட்ட வேலை என்று அங்கே கற்றுக்கொண்டார் என்பதோடு அதை விட்டுவிடலாம்.

சரி, 1964இல் உணவு நிலைமை என்ன? கோதுமையில் ஹெக்டேருக்கு ஒரு டன் விளைச்சல்கூடச் சராசரியாகக் கிடைக்கவில்லை. பி.எல்.480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் ரூபாய்க்குக் கிடைத்த கோதுமைதான் நகரங்களின் ரேஷன் கடைகளை ஓட்டியது. மலிவாகக் கோதுமை வருகிறது, தொழிற்சாலைக்குப் பணத்தைப் போடுவோம் என்பது டெல்லியின் பல ஆண்டுச் சிந்தனை. உள்ளூர் விவசாயிக்கு விலை கொடுத்தால் நகரத்தில் உணவு விலை ஏறும், அது ஏறினால் கூலி ஏறும், தொழில் வளர்ச்சி நிற்கும் என்பது திட்டக் கமிஷன் கணக்கு.

இன்னொரு சிக்கல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. விவசாயம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. மத்திய வேளாண் அமைச்சர் நாற்று நட உத்தரவு போட முடியாது. முதலமைச்சர்களை அழைத்துப் பேசி, பணத்தையும் விதையையும் உரத்தையும் காட்டித்தான் காரியம் சாதிக்க வேண்டும். தானியம் மிகுந்த மாநிலம் தன் எல்லையைப் பூட்டிக்கொள்ளும், பற்றாக்குறை மாநிலம் டெல்லியைத் திட்டும். மாநிலத்தில் பத்து ஆண்டு பட்ஜெட் போட்டவருக்கு அந்தப் பக்கத்து நியாயம் தெரியும். கோட்டையில் உட்கார்ந்து டெல்லியிடம் பணம் கேட்டவர் இப்போது டெல்லியில் உட்கார்ந்து கோட்டைகளோடு பேசினார். மாநில அரசியல்வாதி மத்திய அமைச்சராகும்போது கொண்டுபோகும் உண்மையான முதலீடு இதுதான் என்று சொல்வேன்.

சி.எஸ். முதலில் கைவைத்தது விலையில். விவசாயி கூடுதலாக விளைவித்தால் நஷ்டப்பட மாட்டான் என்ற உறுதி இல்லாமல் எந்த விஞ்ஞானமும் வயலுக்குப் போகாது என்று அவர் வாதாடினார். பிரதமரின் செயலாளர் எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1965 ஜனவரியில் வேளாண் விலைகள் கமிஷன் உருவானது, தலைவர் பொருளாதார அறிஞர் எம்.எல். தந்த்வாலா. கமிஷன் விலையைச் சொல்லும், அந்த விலைக்கு வாங்க ஒரு ஆள் வேண்டுமே? அதற்காக நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்ததுதான் இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரி 14இல் அது செயல்படத் தொடங்கியது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில், தலைமையகம் சென்னையில். கோதுமைப் புரட்சி என்று பேர் வாங்கிய கதையின் முதல் அலுவலகம் நெல் விளையும் காவிரிப் படுகையில் திறந்தது. தஞ்சை அதற்கு முன்பே, 1960-61இல், நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு தீவிர வேளாண் மாவட்டங்களில் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அங்கே ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் குறுவைக்கு வேகமாகப் பரவியதும் இந்த ஆண்டுகளில்தான்.

தஞ்சையில் அந்த அலுவலகம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தமிழ்நாடு பற்றி எரிந்தது. ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி, ஆங்கிலம் தொடரும் என்பதற்குச் சட்டத்தில் உறுதி இல்லை என்ற நிலை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீக்குளிப்புகள், துப்பாக்கிச் சூடு, ராணுவம். மாநிலத்தில் பக்தவத்சலத்தின் காங்கிரஸ் அரசு கடுமையாக அடக்கியது. நேரு கொடுத்த வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் வேண்டும் என்று மத்திய அமைச்சரவையில் கேட்டவர்கள் சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும். அது நடக்கவில்லை என்றதும் பிப்ரவரி 11 அன்று இருவரும் ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் ஏற்கத் தயங்கினார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்ற உறுதியைத் திரும்பச் சொன்னார். ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் பிறகு இந்திரா காந்தி காலத்தில், 1967 டிசம்பரில் நிறைவேறியது.

பதவியை வைத்துத்தான் செல்வாக்கே என்ற நிலையில் இருந்த ஒருவர் அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டது அந்த ஒரு நாளில். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். கோட்டையில் தமிழ் ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தவர் எட்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்விக்காக டெல்லியில் நாற்காலியை விட்டார், இடையில் முரண் எதுவும் இல்லை.

அப்புறம் விதைக்கு வருவோம். பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை. உரம் போட்டால் கதிர் கனத்துச் செடி சாய்ந்துவிடும், விளைச்சல் வீணாகும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் சாயாமல் நின்று உரத்தை வாங்கிக்கொண்டன. 1963இல் போர்லாக் இந்தியா வந்து பார்த்தார், கொஞ்சம் விதை வந்தது. டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதனும் அவரோடு இருந்தவர்களும் சோதனை செய்து, ஆய்வுத் திடலில் நல்ல விளைச்சலைக் கண்டார்கள். அதை விவசாயிகளின் சொந்த வயலிலேயே செய்துகாட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது சி.எஸ். ஒப்புக்கொண்டார். பெரிய பண்ணைகளில் மட்டும் வேண்டாம், சிறு விவசாயிகளின் நிலத்திலும் நடக்கட்டும் என்பது விஞ்ஞானிகளின் யோசனை. பணக்காரன் நிலத்தில் விளைந்தால் அது பணத்தின் வேலை என்றுதான் பக்கத்துக்காரர் நினைப்பார்.

அதோடு இன்னொரு மாற்றமும் செய்தார். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் அதுவரை ஐ.சி.எஸ். அதிகாரிகளே இருந்தார்கள். 1965இல் முதல்முறையாக பி.பி. பால் என்ற கோதுமை விஞ்ஞானி அதன் தலைமை இயக்குநர் ஆனார். துறைச் செயலாளராகப் பொறுப்பேற்ற பி. சிவராமன், திட்டத்தை மாவட்டம் வரை கொண்டுபோகத் தெரிந்த அதிகாரி. யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு வரும் எதிர்ப்பைத் தான் வாங்கிக்கொள்வது. அமைச்சர் என்ற வேலைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. உரம் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேண்டும், நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மறுத்தார். அவரும் தமிழ்நாட்டுக்காரர், இருவருக்கும் அமைச்சரவையில் கடும் மோதல். உரத் தொழிலில் வெளிநாட்டுக் கம்பெனிகளை அனுமதிப்பதை இடதுசாரிகள் எதிர்த்தார்கள். பாசனம் உள்ள மாவட்டங்களில் மட்டும் உரத்தைக் கொட்டினால் வறண்ட நிலத்துக்காரன் என்ன செய்வான் என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, பின்னால் அதற்கு வருகிறேன்.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் வந்தது, அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. முந்தைய ஆண்டு சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 7.2 கோடி டன்னாக விழுந்தது. அதிபர் ஜான்சன் கோதுமையை மாதக் கணக்கில்தான் விடுவித்தார், அடுத்த கப்பல் வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். நவம்பரில் ரோம் நகரில் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பின் மாநாட்டுக்குப் போன இடத்தில் சி.எஸ். அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்தார். இந்தியா விவசாயத்துக்கு எவ்வளவு ஒதுக்கும், உரக் கொள்கையை எப்படி மாற்றும் என்றெல்லாம் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. அது அப்போது வெளியே சொல்லப்படவில்லை. அமெரிக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் வந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்த பெரும்பாலான அம்சங்கள் அவர் ஓராண்டாக அமைச்சரவையில் கேட்டு மறுக்கப்பட்டவை. வெளிநெருக்கடியை உள்ளே தன் வாதத்துக்குத் துணையாக வைத்துக்கொண்டார் என்று படிப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டின் கொள்கையை இப்படி மூடிய அறையில் எழுத நேர்ந்தது நல்லதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். இந்திரா காந்தி சி.எஸ்.ஸை அதே துறையில் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வாங்கப்பட்டது. லெர்மா ரோஹோ, சொனோரா என்ற ரகங்கள். அதுவரை உலகில் எந்த நாடும் ஒரே தடவையில் அவ்வளவு விதை வாங்கியதில்லை. அது பொய்த்திருந்தால்? நோய் தாக்கியிருந்தால்? அந்தக் கேள்விகளை அதிகாரிகள் கேட்டார்கள், கேட்டதும் சரியே. சி.எஸ். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்தார், பார்க்க வந்த எம்.பி.க்களுக்குக் காட்டினார்.

ஆனால் 1966இலும் மழை இல்லை. பீகாரில் பஞ்சம். அந்த ஆண்டு சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. ஜூன் 6 அன்று ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. அந்த முடிவை ஆதரித்த சில அமைச்சர்களில் சி.எஸ். ஒருவர். கட்சித் தலைவர் காமராஜரைக் கேட்காமலே எடுத்த முடிவு, அவருக்குக் கடும் கோபம். சென்னையில் தன்னை வைத்துக் காத்த தலைவரோடு இருந்த நெருக்கம் இங்கேதான் விரிசல் விட்டது.

தமிழ்நாட்டில் அரிசி இல்லை. இந்திப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தது. நாட்டுக்கே உணவு அமைச்சர் தமிழர், அவர் ஊரிலேயே அரிசிக்கு வரிசை. இதைவிடக் கூர்மையான பிரச்சாரம் எதிர்க்கட்சிக்கு வேண்டியதில்லை. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்றார், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார், கோபிசெட்டிபாளையத்தில் சி.எஸ். தி.மு.க.வின் பி.ஏ. சாமிநாதனிடம் தோற்றார். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்று.

மொழிக்காக ராஜினாமா செய்தவர் என்ற பெயர்கூட அவரைக் காப்பாற்றவில்லை. வாக்காளர் மீது இதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அரிசி இல்லாதவரிடம் இரண்டு ஆண்டு பொறுங்கள், விதை போட்டிருக்கிறோம் என்று சொல்லி ஓட்டு வாங்க முடியாது. விதை போட்ட அமைச்சரின் பதவிக்காலமும் விளைச்சல் வரும் காலமும் ஒத்துப்போகாதது ஜனநாயகத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

1968 வசந்தத்தில் அறுவடை வந்தது. கோதுமை சுமார் 1.65 கோடி டன், அதற்கு முந்தைய எந்த ஆண்டிலும் காணாத அளவு. பஞ்சாபில் சாக்கும் கிடங்கும் போதாமல் பள்ளிக்கூடங்களைக்கூடக் கிடங்காக்கினார்கள். ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சி என்று அஞ்சல்தலை வெளியிட்டார். அப்போது உணவு அமைச்சர் ஜகஜீவன் ராம். சி.எஸ். நாடாளுமன்றத்திலேயே இல்லை.

பொருளாதார அறிஞர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். புதிய முறை தண்ணீர் இருந்த இடத்துக்குப் போனது. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் உயர்ந்தன, மானாவாரி நிலங்கள் பின்தங்கின. பருப்பும் சிறுதானியமும் நிலத்தை இழந்தன. இன்று பஞ்சாபின் நிலத்தடி நீர் அபாய நிலையில் இருப்பதற்கு நெல்-கோதுமைச் சுழற்சியும் இலவச மின்சாரமும் கொள்முதல் உறுதியும் சேர்ந்தே காரணம். தஞ்சையில் இன்னொரு வகைப் பிளவு தெரிந்தது. நெல் உற்பத்தியைப் பெருக்கும் திட்டங்கள் அத்தனையும் போன அதே மாவட்டத்தில்தான் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதற்கு சி.எஸ். பொறுப்பு என்று சொல்வது நியாயம் இல்லை, நிலவுடைமையும் சாதியும் அங்கே நூற்றாண்டுகளாக இருந்தவை. ஆனால் உற்பத்தியைப் பெருக்கும் கொள்கையில் கூலிக்காரருக்கு என்ன பங்கு என்ற கேள்வி அவர் கோப்புகளில் பின்வரிசையில்தான் இருந்தது. அவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. நிலம் உள்ளவனின் கஷ்டம் அவருக்கு உடனே புரிந்தது, நிலம் இல்லாதவனுடையது அந்த அளவுக்கு எட்டவில்லை.

1969இல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் ஒரு பக்கம், சி.எஸ். இந்திரா பக்கம். சில வாரங்கள் இந்திரா காங்கிரஸின் இடைக்காலத் தலைவராகக்கூட இருந்தார். 1971இல் திட்டத் துறை, பிறகு தொழில் துறை, 1974 அக்டோபரில் நிதித் துறை. அப்போது விலைவாசி உயர்வு 25 சதவீதத்தைத் தொட்டிருந்தது, அடுத்த ஆண்டில் அது அடங்கியது. 1975 அக்டோபர் 2 அன்று பிராந்திய கிராம வங்கிகள் தொடங்கின. கிராமத்துக்குக் கடன் போய்ச் சேர அது நல்ல ஏற்பாடு.

அதே 1975இல் ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 ஜனவரியில் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நிதி அமைச்சர் சி.எஸ். 1977 மார்ச் வரை பதவியில் இருந்தார். 1965இல் மொழிக்காக எழுந்து போனவர் 1975இல் எழவில்லை. இதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. 1965இல் அவருக்குப் பின்னால் ஒரு மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தது, எதிரே இருந்தவர் பேசிப் பார்க்கக்கூடிய சாஸ்திரி. 1975இல் அவருக்குத் தமிழ்நாட்டில் தளம் இல்லை, காமராஜரோடு உறவு இல்லை, கைவசம் இருந்ததெல்லாம் இந்திரா காந்தியின் நம்பிக்கை ஒன்றுதான். காரணம் புரிகிறது. அதற்காக அந்த மௌனத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை. மக்களிடம் நேரடியாகப் போய் நிற்க முடியாத அமைச்சர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அப்படிப்பட்ட இரவில் தலைவரின் பக்கமே நிற்பார்.

1977இல் பழனியிலிருந்து வென்றார், 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சர். அதன்பின் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். 1990இல் மகாராஷ்டிர ஆளுநர் ஆனார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைப் பற்றித் தனிப்பட்ட முறையில் சொன்னது பத்திரிகையில் வந்துவிட, 1993இல் பதவி விலகினார். 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் இறந்தார்.

அவர் அமைத்தவற்றில் உணவுக் கழகத்துக்குச் சட்டம் இருந்தது. விலைக் கமிஷனுக்கு இல்லை, அது அரசு தீர்மானம் ஒன்றின் மூலம் வந்த ஆலோசனை அமைப்பு. அது சொல்லும் ஆதரவு விலையை விவசாயி உரிமையாகக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது, கொள்முதல் நடக்கும் இடத்தில் கிடைக்கும், நடக்காத இடத்தில் இல்லை. 1965இல் அந்த அளவுக்காவது அமைச்சரவையை ஒப்புக்கொள்ள வைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2020 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறு என்பதோடு அவர்கள் வைத்த இன்னொரு கோரிக்கை, ஆதரவு விலையைச் சட்டமாக்கு என்பது. சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. விலைக்கான சட்டம் இன்னும் வரவில்லை.